மாண்டவர் சொத்தும் மாளாத கடனும்

(தோட்டக் கிளைப் பொதுக்கூட்டத்தில் தோட்டக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பழக்கம் அதிகமில்லை. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதும், பகலில் செக்ரோல் எழுதுவதும்தான் என் தொழில். ஆயினும் இன்று ஒரு விஷயத்தை உங்கள் முன் வைத்தே தீரவேண்டும் என்று செயலாளரிடம் நானே கேட்டு இந்த நேரத்தை வாங்கிக் கொண்டேன்.

நாமெல்லாம் எஸ்டேட்டுக்காரர்கள். ஆங்கிலத்தில் "எஸ்டேட்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நாம் பாடுபடும் தோட்டம். மற்றொன்று, ஒருவர் இறந்தபின் விட்டுச் செல்லும் சொத்து. முதல் எஸ்டேட் நமக்குச் சொந்தமில்லை. இரண்டாவது எஸ்டேட் நம்மில் ஒவ்வொருவருக்கும் உண்டு. பாங்கியில் கிடக்கும் ஐந்நூறு வெள்ளியும், வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளும், வராமல் நிற்கும் கடைசிச் சம்பளமும் எஸ்டேட்தான். அதை யார் வாங்குவது, அதிலிருந்து யார் கடனை அடைப்பது என்பதைத் தெரிந்து கொள்ளாததால் நம் குடும்பங்கள் படும் பாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. என் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. 2006ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது எனக்கு வயது 17. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர்கள் இன்னும் பந்தலில் இருக்கும்போதே, பட்டணத்திலிருந்து ஒருவர் சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "உன் புருஷன் எனக்கு 2,400 வெள்ளி தரவேண்டும். அவர் இல்லாவிட்டால் நீதான் தரவேண்டும்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். என் தகப்பனார் கையெழுத்திட்ட காகிதம் எதையும் அவர் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. என் தாயார் காதுத் தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் விற்று 1,500 வெள்ளி கொடுத்தார்கள். மீதியை மாதம் நூறு வெள்ளியாக ஒன்பது மாதம் பால் வெட்டிக் கட்டினார்கள். அந்த மனிதரிடம் வட்டித் தொழில் நடத்த லைசென்சே இல்லை என்பது எனக்குத் தெரிய வந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

தோழர்களே! என் தாயார் அந்தப் பணத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? இல்லை. இந்த நாட்டுச் சட்டப்படி ஒருவர் வாங்கிய கடன் அவர் விட்டுச் சென்ற சொத்தின் மேல்தான் நிற்கிறது. மனைவியின் தலையிலோ மக்களின் தலையிலோ அது ஏறுவதில்லை. சொத்து இருந்தால் அதிலிருந்து கடன் அடையும். சொத்து போதாவிட்டால் கடன்காரருக்குக் கிடைக்கும் அளவுதான் கிடைக்கும். சொத்தே இல்லையென்றால் கடன்காரர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

இதற்கு விலக்கு உண்டு. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அல்லது சேர்ந்து கடன் வாங்கியிருந்தால், அது உங்கள் கடன்தான். கிராணிமார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கூட்டுறவுக் கடனுக்கு ஜாமீன் கேட்டு வருகிறவர்களுக்கு முகத்துக்காகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அவர் கண்ணை மூடினால் கணக்கு நம் மேஜைக்கு வரும். அந்தக் கடனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று போடும்போதே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. கடன்காரர் வந்து, "பணம் இப்போது வேண்டாம், ஒரு கையெழுத்து மட்டும் போடு" என்று விதவையிடம் கேட்பது உண்டு. துக்க வீட்டில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். இறந்தவரின் கடனை நீங்கள் புதிதாக எழுதிக் கொடுத்தால் அது உங்கள் சொந்தக் கடனாக மாறிவிடக்கூடும்.

இனி, கடன்காரர் வந்தால் என்ன கேட்பது? வட்டிக்கு விடுகிறவர்களைக் கட்டுப்படுத்த 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. அதன்படி அவருக்கு லைசென்ஸ் இருக்கவேண்டும். கடன் பத்திரம் உரிய பாரத்தில் எழுதிக் கையெழுத்தாகி, அதன் நகல் கடன் வாங்கியவர் கையில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேலும், அடமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காட்டுக்கு மேலும் வட்டி வாங்கக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் கோர்ட்டுக்குப் போனால் அவருடைய கடனைக் கோர்ட்டு வசூலித்துத் தராது. அவர் மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். சாதாரண ஒப்பந்தக் கடனுக்கும் வழக்குப் போட ஆறு ஆண்டுதான் தவணை. பத்து ஆண்டுக்கு முந்திய கணக்கை ஒருவர் தூசி தட்டிக்கொண்டு வந்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதற்காக நியாயமான கடனை ஏமாற்றச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். தோட்டத்துக் கடைக்காரர் 555 நோட்டில் எழுதி அரிசியும் மாவும் கொடுத்தவர். மழைக்காலத்தில் வேலையில்லாமல் நாம் முடங்கிக் கிடந்தபோது நம் பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்தவர். அவருடைய கணக்கு நம் வீட்டு நோட்டோடு ஒத்திருந்தால், இறந்தவரின் சொத்திலிருந்து அவருக்குச் சேரவேண்டியது சேரத்தான் வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கடன் அடைந்த பிறகுதான் பங்கு.

அந்த வரிசையை ஒரு கணக்கு மூலம் விளக்குகிறேன். கணக்குப் போடுவது கிராணியின் வேலையல்லவா? நம் தோழர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் இருக்கிறார்கள். பாங்கியில் 6,000 வெள்ளி. மோட்டார் சைக்கிள் 2,000 வெள்ளி பெறும். நிலுவைச் சம்பளம் 1,000 வெள்ளி. ஆக மொத்தம் 9,000 வெள்ளி.

முதலில் கழிவது சவ அடக்கச் செலவும், சொத்தை நிர்வகிக்கும் செலவும். அடக்கத்திற்கு 3,000, பாரம், நகல், பஸ் செலவுகளுக்கு 200. அடுத்து கடன். கடைக்காரருக்கு 800, லைசென்ஸ் உள்ள வட்டிக் கடைக்கு 2,000. எல்லாம் சேர்ந்து 6,000. மிச்சம் 3,000 வெள்ளி. 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. அதாவது மனைவிக்கு 750, தாயாருக்கு 750, பிள்ளைகள் இருவருக்கும் தலைக்கு 750. பெற்றோர் உயிரோடில்லை என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் சமபங்குதான். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை என்று எந்த அண்ணனாவது சொன்னால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை என்று பொருள்.

1997ஆம் ஆண்டு வரை இந்தச் சட்டத்தில் ஓரவஞ்சனை இருந்தது. மனைவி இறந்தால் அவள் சொத்து முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இருவருக்கும் ஒரே அளவுகோல்தான். இந்தப் பங்கீடு தீபகற்பத்திலும் சரவாக்கிலும் உள்ள இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கு. இஸ்லாமியத் தோழர்களுக்கு அவர்கள் மார்க்கத்தின் பங்கீட்டு முறை உண்டு.

இப்போது அதே கணக்கில் கடன் மட்டும் கூடுதல் என்று வைப்போம். கடைக்காரருக்கு 1,600, வட்டிக் கடைக்கு 10,000. மொத்தக் கடன் 11,600. அடக்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் போக மிச்சம் இருப்பதோ 5,800. அப்போது ஒருவருக்கு முழுவதும் கொடுத்து மற்றவரை ஏமாற்றக் கூடாது. இருவருக்கும் வெள்ளிக்கு 50 காசு வீதம் பிரித்துக் கொடுக்கவேண்டும். கடைக்காரருக்கு 800, வட்டிக் கடைக்கு 5,000. மீதிக் கடனுக்காக அந்த விதவை ஒரு காசும் தரவேண்டியதில்லை. சத்தம் அதிகமாய்ப் போடுகிறவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பொறுமையாய் இருக்கிற கடைக்காரரை நிறுத்தி வைப்பதுதான் நம் வழக்கம். அது தவறு.

சொத்தை நிர்வகிக்கிறவர் இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் வரை பங்கு பிரித்தே தீரவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே பங்காளிகள் அவசரப்படுத்தினாலும், கடன் எவ்வளவு என்று தெளிவாகும் முன் பிரித்துவிடாதீர்கள்.

இறந்தவரின் பாங்கிக் கார்டை எடுத்துப்போய் இரவோடிரவாகப் பணம் எடுக்கும் பிள்ளைகளும் உண்டு. ரகசிய எண் தெரியும் என்பதால் அது உரிமையாகிவிடாது. அனுமதியில்லாமல் சொத்தில் கை வைத்தவர், எடுத்த அளவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். கடன்காரரும் கேட்பார், கூடப்பிறந்தவரும் கேட்பார்.

மோட்டார் சைக்கிள் தவணையில் வாங்கியதாக இருந்தால் ஒரு சலுகை உண்டு. சாதாரணமாக இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் கம்பெனி வண்டியைப் பிடிக்க வரலாம். வாங்கியவர் இறந்துவிட்டால், தொடர்ந்து நான்கு தவணை தவறினால் ஒழியப் பிடிக்கக் கூடாது என்று 1967ஆம் ஆண்டுத் தவணை வாங்கல் சட்டம் சொல்கிறது. அடகுக் கடைச் சீட்டு ஏதும் அலமாரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மீட்கும் காலம் ஆறு மாதம். காலம் கடந்தால் தாலிக்கொடியும் போய்விடும்.

சரி, எந்தக் கதவைத் தட்டுவது? உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் அதை நிரூபித்துப் பத்திரம் பெறவேண்டும். உயில் இல்லாமல், வீடோ நிலமோ இருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி அரசாங்கத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்கு மனுச் செய்யலாம். இதற்குரிய வரம்பு முன்பு 20 லட்சம் வெள்ளி. 2024ஆம் ஆண்டு முதல் 50 லட்சம் வெள்ளி. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. நிலமில்லாமல், பாங்கிப் பணம் போன்றவை மட்டும் 6 லட்சம் வெள்ளிக்கு மேற்படாமல் இருந்தால், அமானா ராயா நிறுவனத்தை அணுகலாம். நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கடைசிக் கதவே போதும்.

எங்கே போனாலும் மரணப் பத்திரம், அடையாளக் கார்டு, விவாகப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இவற்றைக் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் இடறி விழுகிறார்கள். விவாகச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த திருமணங்களை அச்சட்டம் ஏற்றுக் கொள்கிறது. அதற்குப் பின் நடந்தவற்றைப் பதிவு செய்ய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கெல்லாம் சோறு போட்டுவிட்டு, பதிவு செய்யாமல் விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இருபது வருஷம் கூட வாழ்ந்த பெண், "நான் இவர் மனைவி" என்று ஆபீஸ் ஆபீஸாக நிரூபித்துக்கொண்டு நிற்க நேரும். நாளைக்கே போய்ப் பதிவு செய்யுங்கள்.

பெயர்க் கோளாறு இன்னொன்று. அடையாளக் கார்டில் ஒரு எழுத்து, செக்ரோலில் ஒரு எழுத்து, பிறப்புப் பத்திரத்தில் மற்றோர் எழுத்து. இதில் கிராணிமார்களாகிய எங்கள் பேனாவுக்கும் பங்குண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் கதவுகளையெல்லாம் தட்டாமலே குடும்பத்துக்குச் சேரக்கூடிய பணமும் உண்டு. ஊழியர் சேமநிதியில் நீங்கள் யாரை வாரிசாக நியமித்தீர்களோ அவருக்கே பணம் நேரே போகிறது. சேமநிதிப் பணத்தைக் கடனுக்காக எவரும் ஜப்தி செய்யவும் முடியாது. இன்ஷூரன்சில் மனைவியையோ பிள்ளையையோ நியமித்திருந்தால் அந்தப் பணமும் கடன்காரர் கைக்கு எட்டாது. பெர்கெசோவில் தகுதியான சந்தா கட்டியிருந்தால் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் சொத்துக் கணக்கில் சேராது. அது மனைவி மக்களுக்கு உரியது. 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் தாத்தா பாட்டிமார் வாங்கிய பங்குகள் பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. எடுத்துப் பாருங்கள். பாங்கியில் ஏழாண்டு கேட்பாரற்றுக் கிடந்த பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணக் கணக்குக்குப் போய்விடுகிறது. அங்கும் மனுச் செய்து வாங்கலாம்.

தோழர்களே! நான் ஏன் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு சம்பள நாளில், நம் தோழர் ஒருவர் என் ஜன்னலுக்கு வந்தார். "கிராணியார் ஐயா, சேமநிதியில் எங்க அம்மா பேரைத்தான் எழுதி வைச்சிருக்கேன். அவங்க போய் மூணு வருஷமாச்சு. வீட்டுக்காரி பேருக்கு மாத்தணும். எப்படின்னு சொல்லுங்க" என்றார். எனக்குப் பின்னால் சம்பளக் கவர்கள் குவிந்து கிடந்தன. "இன்னைக்கு முடியாது அண்ணே, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். நான்காம் நாள், பட்டணத்துச் சாலையில் லாரி மோதி அவர் இறந்துவிட்டார்.

நியமிக்கப்பட்டவர் முன்பே இறந்துவிட்டதால் அந்த நியமனம் செல்லாமல் போயிற்று. திருமணமும் பதிவாகவில்லை. அந்தச் சகோதரி பதினொரு மாதம் அலைந்தார்கள். போகும் நாளெல்லாம் கூலி போயிற்று. மூத்த பையனுக்கு இடைநிலைப்பள்ளி பஸ் கட்டணம் கட்ட முடியாமல் மூன்று மாதம் வீட்டில் நின்றான். ஒவ்வொரு பாரத்தையும் நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். கடைசியில் பணம் வந்தது. அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு நாள்கூட அவர்கள் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தன் புருஷன் என் ஜன்னலுக்கு வந்து திரும்பிப் போனார் என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நினைத்துக்கொண்டே பாரம் நிரப்பினேன். சென்ற மாதம் நானே போய்ச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கு மட்டும் நடந்ததா இருக்கட்டும், கிராணியாரே. மத்தவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்கள். அதனால்தான் இங்கே நிற்கிறேன்.

ஆகவே கிளையின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். முதலாவது, சேமநிதி அலுவலகத்துக்குச் செயலாளர் கடிதம் எழுதி, அதிகாரிகளைத் தோட்டத்துக்கே வரவழைத்து, ஒவ்வோர் உறுப்பினரின் வாரிசு நியமனத்தையும் சரிபார்க்க முயல வேண்டும். வர இயலாது என்றால் நாம் பஸ் வைத்துப் போகவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி. அதில் பத்திரங்கள், பாங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு, யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும் என்ற ஒரு தாள். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, துக்க வீட்டுக்குக் கடன் கேட்டு எவர் வந்தாலும், கிளைக் கமிட்டியிலிருந்து இருவர் அந்தத் தாய்க்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். "பத்திரத்தைக் காட்டுங்கள், நகலைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல இரண்டு பேர் இருந்தால் போதும். என் தாயாருக்குப் பக்கத்தில் அன்று அப்படி யாரும் உட்காரவில்லை.

உயில் எழுத விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பியவர் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்க வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. உயில் எழுதியபின் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் பொதுவாகச் செல்லாது, மறுபடி எழுதவேண்டும்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பேசாமல் விட்டதால் வந்த துன்பத்தை இரண்டு வீடுகளில் கண்ணால் பார்த்த பிறகு என் எண்ணம் மாறிவிட்டது.

இனிமேல் சம்பள நாளானாலும் சரி, எந்த நாளானாலும் சரி, வாரிசு விஷயமாக என் ஜன்னலுக்கு வருகிற ஒருவரையும் "அடுத்த வாரம் வா" என்று அனுப்பமாட்டேன் என்று இந்தக் கூட்டத்தின் முன் வாக்குக் கொடுக்கிறேன். மற்றத் தோட்டங்களில் உள்ள கிராணித் தோழர்களும் அப்படியே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.